கண்ணாடியில் தண்ணீர்க்கோடு

அன்று காலை பாய்லர் கொட்டகையில் இருந்தவர்கள் ஆறு பேர். நான். பீடிக்கு நெருப்பு எடுக்க வந்த கணக்குப்பிள்ளை. தன் நெல் வேகிறதா என்று பார்க்கப் பாவூர்சத்திரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த வியாபாரி. நெல் கிளறிக் காயப்போடும் அக்காவும் அவள் நாத்தனாரும். மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவர். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. இருந்திருக்க வேண்டிய ஏழாவது ஆள் இல்லை. அவர் குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தார்.

சர்டிபிகேட் அந்த ஏழாவது ஆளிடம்தான் இருந்தது. பாய்லர் எரிகிற நேரமெல்லாம் சர்டிபிகேட் வாங்கிய ஒருவர் கூடவே நிற்க வேண்டும் என்பது அரசாங்க விதி. தென்காசியில் நான் வேலை பார்த்த அந்த அரிசி மில்லில் அது இருந்தது அவர் ஒருவரிடம் மட்டுமே. பிரேம் போட்டுக் கொட்டகைச் சுவரில் மாட்டியிருப்பார். உமித்தூசி படிந்து எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனாலும் அவருக்கு மாதம் எழுபத்தைந்து ரூபாய். அதே அடுப்புக்கு உமி தள்ளிய எனக்கு நாற்பது.

எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை அன்று பள்ளிக்கூட வாசல்வரை போய், வயிற்றைப் பிசைகிறது என்று திரும்பி வந்தவன் நான். மறுநாளும் பிசைந்தது. அதோடு படிப்பு முடிந்தது. அப்படிப்பட்டவன் மறுபடி ஒரு பரீட்சைக்குப் போக நினைத்தேன் என்றால், காரணம் இல்லாமல் இல்லை. தாமிரபரணிக் கரையில் ஒரு நூல் மில்லில் பாய்லருக்கு ஆள் எடுக்கிறார்கள், இரண்டாம் கிளாஸ் சர்டிபிகேட் இருந்தால் போதும், குடியிருக்க லைன் வீடும் உண்டு என்று சொன்னார்கள். வீட்டில் அப்பா நோயில் படுத்துவிட்டிருந்தார். தங்கைகள் இரண்டு பேர். நாற்பது ரூபாயில் எத்தனை நாள் ஓடும் என்று தினமும் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். எப்படிப் போட்டாலும் இருபத்திரண்டாம் தேதியைத் தாண்டாது.

பரீட்சை மதுரையில். எழுத்து கிடையாது, வாயால் கேட்பார்கள் என்பது ஒரு ஆறுதல். ஆனால் விண்ணப்பத்தோடு ஒரு தாள் வைக்க வேண்டும்: இந்த ஆள் இரண்டு வருஷம் என் பாய்லரில் வேலை பார்த்தான் என்று முதலாளி கையெழுத்துப் போட்ட தாள். அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று வாரமாக அலைந்தேன். முதலாளிக்குத் தெரியும், கையெழுத்துப் போட்டால் நான் போய்விடுவேன் என்று. "ஆடி முடியட்டும் பாப்போம்" என்றார். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஆடி முடிவதற்கு முன்பே வந்துவிடும். இன்னும் ஒன்பது நாள்தான் பாக்கி.

நான் எதற்கும் பயப்படுகிற ஆள். மில்லை விட்டு வீட்டுக்குப் பாதி தூரம் போனபிறகு அடுப்பு வாயை மூடினேனா என்று சந்தேகம் வரும். திரும்பி நடந்து வந்து பார்ப்பேன். மூடியிருக்கும். இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூடத் திறந்திருந்தது இல்லை. ஆனாலும் திரும்பி வருவேன்.

சாரல் மாதத்தில் தென்காசியில் எல்லார் வீட்டிலும் குற்றால அருவிக்கு வரும் விருந்தாளிகள். சர்டிபிகேட்கார அண்ணாச்சி வீட்டுக்கும் மச்சினன் குடும்பம் வந்திருந்தது. அன்று காலை ஏழு மணிக்குப் பாய்லரில் ஆவி ஏறி, முதல் கொப்பரை நெல் வேக ஆரம்பித்ததும், அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஐந்தருவியில கூட்டம் கம்மியாம். ஒரு முழுக்குப் போட்டுட்டு ஒம்பது மணிக்குள்ள வந்திருதேன்."

"அண்ணாச்சி, நான் ஒத்தையிலயா?"

"ரெண்டு வருஷமா பாக்கியே லே. தண்ணிய மட்டும் பாத்துக்கோ. தண்ணி இருந்தா ஒண்ணும் ஆவாது."

பாய்லர் என்பது பெரிய இரும்புப் பீப்பாய். உள்ளே தண்ணீர், அடியில் தீ. உள்ளே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று வெளியிலிருந்து தெரிந்துகொள்ள, முன்புறத்தில் ஒரு முழ நீளத்துக்குக் கண்ணாடிக் குழாய் இருக்கும். அதில் தண்ணீர் ஏறி நிற்கிற இடத்தில் ஒரு கோடு தெரியும். கோடு பாதியில் நின்றால் நல்லது. இறங்கிவிட்டால் தீ படுகிற தகடு காய்ந்து சிவந்துவிடும். அதற்குமேல் அந்தக் கொட்டகையில் யாரும் நிற்கக்கூடாது. எங்கள் பாய்லரில் இரண்டு கண்ணாடி. ஒன்று போன வாரம் விரிசல் விட்டு அடைக்கப்பட்டிருந்தது. புதுக் கண்ணாடி வந்து சேரவில்லை. மிச்சம் ஒன்றுதான்.

அண்ணாச்சி சொன்னபடி தண்ணியை மட்டும் பார்த்தேன். கை சும்மா இருந்தால் எனக்குப் பயம் வரும். பயம் வந்தால் பம்பைத் திறந்து கொஞ்சம் தண்ணீர் ஏற்றுவேன். கோடு இரண்டு விரல் உயரும். மனசு ஆறும். உமி தள்ளுவேன். மறுபடி பயம். மறுபடி பம்பு. ஒன்பது மணி ஆயிற்று. அண்ணாச்சி வரவில்லை. ஒன்பதரை. வெயில் நன்றாக அடித்தது. களத்தில் முதல் கொப்பரை நெல்லைப் பரப்பிவிட்டு அக்காவும் நாத்தனாரும் இரண்டாவதுக்காகக் கூடையோடு வந்து நின்றார்கள்.

"என்னலே, மொகம் வேர்த்துக் கெடக்கு" என்றாள் அக்கா.

"தீ முன்னால நின்னா வேர்க்காதா?"

"தீ அங்கன இருக்கு. நீ இங்கன வாசல்லல்லா நிக்க."

நாத்தனார் சிரித்தாள். நான் உள்ளே போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். கோடு இல்லை.

மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். கண்ணாடி முழுக்க ஒரே தெளிவு. ஒரு நிமிஷம் முன்னால் எங்கே இருந்தது என்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன், வரவில்லை. இரண்டு வருஷமாக மனப்பாடம் செய்த பரீட்சைக் கேள்வி பதில் நோட்டில் இதற்குப் பதில் உண்டு. கண்ணாடி முழுக்கத் தண்ணீர் நிறைந்தாலும் கோடு தெரியாது. தண்ணீரே இல்லாமல் போனாலும் கோடு தெரியாது. அடியிலுள்ள சின்னக் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்தேன். புஸ்ஸென்று வெள்ளையாக வந்தது. அது ஆவியா, கொதிக்கிற தண்ணீர் வெளியே வந்து ஆவியாகிறதா என்று எனக்குப் பிடிபடவில்லை. இன்னொரு தரம் திறந்தேன். அதே வெள்ளை.

இந்த நேரத்தில் பம்பைத் திறக்கக்கூடாது. தகடு காய்ந்திருந்தால் பச்சைத் தண்ணீர் பட்டதும் வெடிக்கும். நோட்டில் இருந்த பதில்: தீயை வெளியே இழு.

"எல்லாரும் வெளிய போங்க" என்றேன்.

கணக்குப்பிள்ளை பீடியை வாயிலிருந்து எடுக்கவில்லை. "என்னடே?"

"தண்ணி போயிருச்சு. போங்க."

வியாபாரி போகவில்லை. கொப்பரைப் பக்கம் கையைக் காட்டினார். "என் நெல்லு பாதி வெந்து நிக்கி. தீய எடுத்தா என்ன ஆவும்னு தெரியும்லா?"

"உங்க நெல்லு இருக்கும், நீங்க இருக்க மாட்டீங்க."

அந்தப் பேச்சு என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது. அவரும் அவர் பின்னாலேயே கணக்குப்பிள்ளையும் வெளியே போனார்கள். மூட்டை அண்ணனை அக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நான் நீள வாரியை எடுத்து அடுப்புக்குள் விட்டுத் தீயை முழுக்கத் தரைக்கு இழுத்தேன். கால் மயிர் பொசுங்கியது. தணலைக் கொட்டகைக்கு வெளியே தள்ளிச் சாம்பலைப் போட்டு மூடினேன். பிறகு நானும் ஓடிப்போய்க் களத்தின் அந்தக் கோடியில் நெல்லுக்குப் பக்கத்தில் குந்தினேன். ஆறு பேரும் பாய்லரைப் பார்த்தபடி இருந்தோம். அது ஒன்றும் செய்யவில்லை.

"ஏலே, எப்பம் வெடிக்கும்?" என்று நாத்தனார் கேட்டாள். "இல்லேன்னா நான் போயி நெல்லக் கிளறுதேன்."

பதினோரு மணிக்குச் சாரல் இறங்கியது. பரப்பியிருந்த நெல்லை வாரிக் கூட்டித் தார்ப்பாய் போட்டார்கள். கொப்பரையில் பாதி வெந்தது அப்படியே கிடந்தது. தொட்டியில் ஊறிய மிச்ச நெல் புளிக்க ஆரம்பித்திருக்கும் என்று வியாபாரி முகர்ந்து முகர்ந்து பார்த்தார்.

அண்ணாச்சி பன்னிரண்டு மணிக்கு வந்தார். தலையில் ஈரத்துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய் மணம். என்னைப் பார்த்ததும் ரகசியமாகச் சொன்னார்:

"நம்ம பாய்லர் இன்ஸ்பெக்டர் அருவிக்கு வந்திருக்காரு லே. எனக்கு ரெண்டு ஆளு தள்ளி நிக்காரு. என்னையப் பாத்தா மில்லுல யாருன்னு கேப்பாருல்லா? பாறைக்குப் பின்னால போயி உக்காந்துட்டேன். அந்த மனுசன் குளிச்சு முடிக்க ரெண்டு மணி நேரம். என் மச்சினன் பொண்டாட்டி, அண்ணனுக்கு வயித்தால போகுதோன்னு கேக்கா."

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் துண்டை எடுத்துவிட்டு உள்ளே போனார். கண்ணாடிக்கு அடியிலுள்ள குழாயைத் திறந்து, குனிந்து, அதன் வாயையே பார்த்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"ஆவின்னா குழாய் வாயில ஒரு விரக்கடைக்கு ஒண்ணும் தெரியாது. தள்ளிப் போயித்தான் வெள்ளையாவும். இது வாயிலேர்ந்தே வெள்ளை. தண்ணி லே இது. முட்ட முட்ட ரொப்பி வச்சிருக்க."

எத்தனை தடவை பம்பைத் திறந்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். பதின்மூன்றோ பதினான்கோ.

சாயங்காலம் முதலாளி வந்தார். வியாபாரி நெல் கறுத்துவிட்டது, குருணையாகப் போகும் என்று நூற்றைம்பது கேட்டார். பேசிப் பேசி எண்பத்தைந்து ரூபாய்க்கு இறங்கினார். அவர் போனதும் முதலாளி என் பக்கம் திரும்பினார். நான் சட்டைப் பையிலிருந்த தாளை விரலால் தொட்டுக்கொண்டு நின்றேன். ஈரத்தில் அது நைந்திருந்தது.

"அண்ணாச்சி இருந்திருந்தா இது நடந்திருக்காது மொதலாளி" என்றேன். எப்படியோ சொல்லிவிட்டேன்.

"சரிதான். ஆளில்லாம எரிச்சோம்னு வெளிய தெரிஞ்சா எனக்கு அபராதம். அவனுக்கு சர்டிபிகேட் போயிரும். உனக்கு என்ன போவும்? ஒண்ணும் போவாது. அப்பம் நீதான குடுக்கணும்?"

அதில் என்ன நியாயம் என்று அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை. ஆனால் அவர் அடுத்ததாகச் சொன்னது புரிந்தது.

"அந்தத் தாளு வச்சிருக்கியே, அதக் கொண்டா. எண்பத்தஞ்சுக்குக் கணக்குப்பிள்ளகிட்ட கடன் சீட்டு எழுதிக் குடு. நான் கையெழுத்துப் போடுதேன். எங்க போனாலும் மணியார்டர் அனுப்பிச் சேத்திரணும்."

கணக்குப்பிள்ளை பேனாவில் மை நிரப்பிக்கொண்டு தயாராக இருந்தார். கடைசி நாளுக்கு ஒன்பது நாள். எண்பத்தைந்து என்பது இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். அப்பாவுக்குச் சொல்ல முடியாது. எழுத மாட்டேன் என்றால் மறுபடி உமி, மறுபடி இருபத்திரண்டாம் தேதி. எழுதிக் கொடுத்தேன். முதலாளி என் தாளில் கையெழுத்துப் போட்டு ஊதிக் காயவைத்துக் கொடுத்தார். அதில் 'கவனமான வேலையாள்' என்று ஒரு வரி தாமாகவே சேர்த்திருந்தார்.

வெளியே வந்ததும் அண்ணாச்சி என்னைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனார்.

"பரீட்சையில கேள்வி கேக்கது அந்த இன்ஸ்பெக்டர்தான், தெரியும்லா? எம்பேரு வந்திரக்கூடாது. பாதி நான் தாறேன். நாப்பத்திரெண்டர. இந்தா, இப்பம் பத்து." ஈர வேட்டி முடிச்சிலிருந்து ஒரு நோட்டை எடுத்துத் தந்தார். "மிச்சம் அடுத்த மாசம்."

மதுரைக்கு ரயில் ஏறினேன். இந்த முறை வாசல்வரை போய்த் திரும்புவதற்கு வழியில்லை. இன்னொரு தரம் வரக் காசும் இல்லை. ராத்திரி போட்ட சட்டையை மாற்றாமல் பரீட்சை ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் போனவர்கள் வெளியே வரும்போது முகத்தைப் பார்த்து அவர்களுக்கு என்ன கேட்டார்கள் என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

உள்ளே மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இன்ஸ்பெக்டர். தாளைப் பார்த்துவிட்டு, "தென்காசியா? இப்ப சாரல் இருக்கா?" என்றார்.

"கொறஞ்சிருச்சு சார்."

சேஃப்டி வால்வைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். பம்பு வேலை செய்யாவிட்டால்? சொன்னேன். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "கண்ணாடியில் கோடு தெரியவில்லை. தண்ணீர் இருக்கிறதா, இல்லையா? எப்படிக் கண்டுபிடிப்பாய்?" என்றார்.

குழாயின் வாய், ஒரு விரக்கடை, வெள்ளை எங்கே தொடங்குகிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல வேகமாகப் போய்விட்டது. பக்கத்தில் இருந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். இன்ஸ்பெக்டர் என்னையே பார்த்தார்.

"இது புத்தகத்தில் இல்லையே. நீயே பார்த்திருக்கிறாயா?"

ஆமாம் என்றால், அப்போது பாய்லருக்குப் பொறுப்பாக நின்றது யார் என்பது அடுத்த கேள்வி. அண்ணாச்சியின் பிரேம், முதலாளியின் கையெழுத்து, என் தாள் எல்லாம் ஒன்றாகப் போகும். இல்லை என்றால் பொய். மேஜைக் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"எங்க மில்லுல சர்டிபிகேட்காரர் குழாயைத் திறந்து காட்டினாரு சார். நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவர் பென்சிலை எடுத்து எதையோ எழுதினார். "அப்போது தீ எரிந்துகொண்டிருந்ததா?"

"இல்ல சார். தீயை எடுத்தாச்சு."

"சரியான காரியம். போகலாம்."

இரண்டு மாதம் கழித்துத் தபாலில் சர்டிபிகேட் வந்தது. நூல் மில்லில் சேர்ந்தேன். முதல் சம்பளத்திலிருந்து மாதம் ஐந்து ரூபாய் மணியார்டர் அனுப்பி, பதினேழு மாதத்தில் முதலாளி கணக்கைத் தீர்த்தேன். ரசீதுகளை இன்னும் வைத்திருக்கிறேன், யாராவது கேட்டுவிடுவார்களோ என்று. அண்ணாச்சியைச் சாரல் மாதங்களில் குற்றாலம் பஸ் நிறுத்தத்தில் பார்ப்பேன். மகளுக்கு வரன் பார்ப்பது பற்றிப் பேசுவார், காப்பி வாங்கித் தருவார், தானே காசு கொடுப்பார். கேட்டுவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். கேட்டால் மறந்துவிட்டேன் என்பாரோ, அல்லது ஞாபகம் இருக்கிறது ஆனால் தரமாட்டேன் என்பாரோ, எதைத் தாங்குவது என்று முடிவு செய்வதற்குள் பஸ் வந்துவிடும். அவர் எனக்குத் தர வேண்டிய பாக்கி முப்பத்திரண்டு ரூபாய் ஐம்பது காசு.