உயர்தர வகுப்புக்கு ஆள் பிடித்த கதை

எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில், பல்கலைக்கழகம் போக வழிவிடும் உயர்தர வகுப்பு திறந்த நாளில் மாலைகளுக்குக் குறைவில்லை. அதிபருக்கு ஒன்று, தோட்டத் தொழிற்சங்கத் தலைவருக்கு ஒன்று, வந்திருந்த பெரிய மனிதர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று. இனி எங்கள் பிள்ளைகள் வாசலிலேயே இலவசமாக உயர்தரம் படிக்கலாமாம். படிக்கலாம்தான், கலைப்பிரிவு மட்டும். விஞ்ஞானம் படிப்பிக்க ஆசிரியர் இல்லை என்ற சின்ன விஷயத்தை மேடையில் யாரும் பேசவில்லை.

எனக்கு விஞ்ஞானம்தான் வேண்டும். பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் ஏ சித்தி. ஹட்டன் டவுனில் ஒரு பாடசாலை என்னைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்து, வெள்ளிக்கிழமைக்குள் பழைய பாடசாலையின் விடுகைப் பத்திரத்தோடு வரச் சொன்னது. எங்கள் அதிபரிடம் பத்திரம் கேட்டேன். "அம்மாவக் கூட்டிட்டு வா" என்றார்.

அம்மா கொழுந்து பறிப்பவள். எங்கள் தோட்டத்தில் எந்த ஆபீஸ் படி ஏறுவதென்றாலும் தலைவரை முன்னால் விட்டுத்தான் ஏறுவார்கள். பிறப்பைப் பதியவும் அவர், சாவைப் பதியவும் அவர். அம்மாவும் அவரிடம்தான் போனாள். புதன்கிழமை வேலை என்றார், வியாழக்கிழமை கூட்டம் என்றார். வெள்ளிக்கிழமை காலை வெள்ளைச் சட்டையில் வந்து, அதிபருக்கு எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். நானும் அம்மாவும் நின்றோம்.

எங்களுக்காகப் பேச வந்தவர் பேசினார். "நல்லா படிக்கிற புள்ளைங்க எல்லாம் ஹட்டனுக்குப் போயிட்டா நம்ம வகுப்புல யாருங்க சார் இருப்பாங்க? ஆள் கொறஞ்சா மூடிருவாங்க. புள்ள இங்கயே படிக்கட்டும்."

அதிபர் தலையாட்டினார். அவருடைய பிள்ளைகள் கண்டியில் படித்தார்கள். தலைவரின் மகன் படித்தது நான் போகவிருந்த அதே ஹட்டன் பாடசாலையில். இதற்காக இரண்டு பேரும் வெட்கப்பட வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை.

அம்மாவைப் பார்த்தேன். "எம்புள்ளைக்கு பத்திரத்தக் குடுங்க" என்று அவள் சொல்லியிருந்தால் போதும், பெற்றவள் கேட்டால் அதிபர் கொடுத்தேயாக வேண்டும். அம்மா சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "தலைவர் சொன்னா சரிங்க" என்றாள்.

கலைப்பிரிவு படித்தேன். நன்றாகத் தேறியும் தொலைத்தேன். பரிசளிப்பு விழாவில் தலைவர் என் தோளில் கைவைத்து, இலவசக் கல்வியின் பலன் இந்தப் பிள்ளைதான் என்று ஒலிவாங்கியில் முழங்கினார். கீழே அம்மா எழுந்து நின்று கைதட்டினாள். அந்த இரண்டு ஆண்களையும் துச்சமாக நினைப்பது எனக்குச் சுலபம். அம்மா கைதட்டியதைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.