வெள்ளை விரிப்பில் அம்மன் குங்குமம்

காலையில் நான் கோயிலிலிருந்து வரும்போது, பக்கத்து வீட்டுச் செல்வி பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். வெளிநாட்டு ஓட்டல்களுக்குப் போகும் வெள்ளைப் படுக்கைவிரிப்புகளை மடிக்கும் வேலை அவளுக்கு. அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

குங்குமத்தை நீட்டினேன்.

"வேணாங்கா, கையில ஒட்டும்."

"வெள்ளிக்கிழமை அம்மன் குங்குமத்த வேணாம்னுவியாடி?"

நான்தான் அவள் கையைப் பிடித்து இழுத்துக் குங்குமத்தை வைத்தேன்.

மதியமே திரும்பிவிட்டாள். ஒரு விரிப்பில் சிவப்பாக விரல் தடம் பதிந்துவிட்டதாம்.

"கறை இருந்தா மொத்த சரக்கையும் திருப்பிடுவாங்களாம். நாளையிலருந்து வராதன்னுட்டாங்கக்கா."

"நான் வந்து பேசட்டாடி?"

"நீ வந்து இன்னா பண்ணுவ? சூப்பர்வைசருக்கும் குங்குமம் குடுப்பியா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேண்டாம் என்றவளை அப்படியே விட்டிருக்கலாம்.

பாகூர், வில்லியனூர் பக்கம் செல்விக்கு மடிப்பு வேலை இருந்தால் சொல்லுங்கள். கலர் துணியாக இருந்தால் ரொம்ப நல்லது.