ஆறு நிப்பிளும் ஒரு காலி சீட்டும்

கணேஷ்குமாரின் காருக்கு இரண்டே சீட்டு. அதில் ஒன்று மூன்று வருடமாகக் காலி. அந்த மனிதருக்கு இருந்த ஒரே குறை அதுதான். மற்ற எதைச் சொன்னாலும் சிரிப்பார்.

அவர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். இராமச்சந்திரன் என்கிற எனக்கும் அதே வேலை. பக்கத்து வீடு வேறு, தப்பிக்க வழியில்லை. முன்பு அவர் டிரைவராக இருந்த வீட்டுக்காரர் வெளிநாடு போகும்போது, கொட்டகையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை "நீயே வெச்சுக்கோ" என்று கொடுத்துவிட்டார். அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்தது. கூரை கிடையாது. கௌதள்ளி கிராமத்திலிருந்து வந்த மனிதருக்கு அதில் உட்கார்ந்தால் தலைகால் புரியாது. சிக்னலில் நிற்கும்போதுகூடச் சிரித்துக்கொண்டிருப்பார்.

மனைவி மீனா ஒரே ஒருமுறை ஏறினாள். ரிங் ரோட்டில் ஐம்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் உதறிய உதறலில் அவளுக்குப் பல்லெல்லாம் கிடுகிடுத்துவிட்டது. இறங்கி நின்று சொன்னாள்: "இந்த உதறல் நிக்கற வரைக்கும் நான் இதுல ஏற மாட்டனுங்க." மீனா சொன்னால் சொன்னதுதான்.

அவரும் டயரை மாற்றிப் பார்த்தார். வீல் பேலன்ஸ் செய்தார். பேரிங்கூடப் புதிதாகப் போட்டார். உதறல் அசையவில்லை. "கிங்பின் போயிருக்கும் குரு" என்று நான் சொன்னால் மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வரும். முன்சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்புவதே அந்த இரும்புத் தண்டைச் சுற்றித்தான். பஸ் ஓட்டுகிறவனுக்குத் தெரியாததா?

"மாசம் தவறாம கிரீஸ் அடிக்கறேன் ராமண்ணா. எப்படிப் போகும்?"

அடிப்பது உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன். கிரீஸ் உள்ளே போவதற்குப் பக்கத்துக்கு மூன்று நிப்பிள். கிரீஸ் கன்னை வைத்து முக்கி முக்கி அழுத்துவார். வெளியே வழிவதைப் பார்த்து, நிரம்பிவிட்டது என்று துடைத்துவிடுவார்.

தசராவுக்கு ஒரு மாதம் முன்பு, ஒரு ஞாயிறு காலையில், என் பொறுமை தீர்ந்தது. ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கினோம். அவர் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். டக் டக் என்றது. இனி ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். நான் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். மிதிப்பது யார்? வாசலில் மீனா நின்றிருந்தாள்.

"நீதான் ஏற மாட்டேன்னு சொல்லியிருக்கியே" என்றார் கணேஷ்குமார், நிஜமான கவலையோடு.

மீனா ஜாக்கியைக் குனிந்து பார்த்தாள். "வண்டி அந்தரத்துல நிக்குது, ஓடலயே. இது ஏறுனதுல சேராதுங்க." புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி மிதித்தாள்.

அவர் ஆட்டினார். டக் டக்.

"பேரிங் இல்ல குரு, கிங்பின்தான். ஒத்துக்கோ" என்றேன் அடியிலிருந்து.

"அப்ப நான் அடிச்ச கிரீஸெல்லாம் எங்க போச்சாம்?" என்று கேட்டு, என் வாயை அடைப்பதற்காகவே ஒரு நிப்பிளைக் கழற்றினார். ஊசித்துளையில் சொட்டுக் கிரீஸ் இல்லை. மஞ்சளும் சிவப்புமாக ஏதோ கல்லாய் இறுகியிருந்தது. சுரண்டி முகர்ந்து பார்த்தார். சந்தனம். மற்ற ஐந்தையும் கழற்றினார். ஐந்திலும் சந்தனம், குங்குமம்.

"ஆயுத பூஜைக்கு வெச்சதுங்க" என்று ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

மீனா வேலை பார்க்கும் ஃபேக்டரியில் பூஜையன்று மெஷின்களுக்குப் பொட்டு வைப்பது அவள் பொறுப்பு. ஒரு போல்ட்டை விடமாட்டாள் என்று பேர் வாங்கியவள்.

"பொட்டு வெச்ச, சரி. அதுக்குள்ள ஏன் புள்ள அமுக்கின?"

"மேலால வெச்சா நீங்க ஓட்டற ஓட்டத்துல உதுந்து போயிருமுங்க. அதான் வருசா வருசம் நல்லா அமுக்கி வெச்சனுங்க. நான்தான் கூட வர மாட்டேன்னுட்டேன். சாமியாவது கூடப் போகட்டும்னு."

ஸ்பானர் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் அவர் சிரித்தார் பாருங்கள், தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை. படுத்தபடியே நானும் சிரித்து, நெற்றியைச் சேஸிஸில் இடித்துக்கொண்டேன்.

"இன்னும் மிதிச்சுட்டே இருக்கோணுங்களா?" என்றாள் மீனா.

முதலிலேயே தேய்ந்திருந்த கிங்பின், கிரீஸ் எட்டாமல் இன்னும் தேய்ந்திருந்தது. புதியதும், அதைச் சுற்றிப் போடும் புஷ்ஷும் பார்சலில் வந்தன. புஷ்ஷை அழுத்திப் பொருத்தி, கிங்பின் இறுகாமலும் ஆடாமலும் திரும்பும் அளவுக்கு உள்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினோம். நிப்பிள் ஆறும் புதிது. கன்னை அழுத்தியதும் கிரீஸ் உள்ளே போய், மறுமுனையில் எட்டிப் பார்த்தது. கணேஷ்குமார் எழுந்து நின்று கைதட்டினார்.

ஆயுத பூஜையன்று மீனா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். அவர் ஓடிப்போய் முன்சக்கரத்தை மறைத்துக்கொண்டு நின்றார். அவளோ அவர் நெற்றியில் ஒரு பொட்டை விரலால் நன்றாக அமுக்கி வைத்தாள். "இது உதுராது" என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்து, அந்தக் காலி சீட்டில் உட்கார்ந்தாள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழங்கள் நசுங்கின.

பைக்கில் துரத்திப்போன நான் ரிங் ரோடு சிக்னலில்தான் அவர்களைப் பிடித்தேன்.

"எழுபது ராமண்ணா, எழுபது. ஒரு உதறல் இல்ல."

"யாரு சொன்னா?" என்றாள் மீனா, காற்றில் கலைந்த தலையோடு. "அவர் கையப் பாருங்கண்ணா."

பார்த்தேன். நின்ற வண்டியில், ஸ்டியரிங்கின்மேல் இரண்டு கையும் நடுங்கிக்கொண்டிருந்தன. மீனா தன் கையை எடுத்து அதன்மேல் வைத்தாள். பச்சை விழுந்தது.

"என்னங்க பாத்துட்டு. அமுக்குங்க" என்றாள்.