அப்பா நின்ற பக்கம்

சிட்னியிலிருந்து வந்த தங்கச்சி சுமதியும் அவள் புருஷன் ரவியும் மல்வேர்னில் எங்கள் வீட்டு ஹோலில் இருந்து ரக்பி லீக் பார்த்தார்கள். சிட்னி இருக்கும் மாநிலமும் பக்கத்துக் குயின்ஸ்லாந்தும் மோதிய ஆட்டம்.

"இருபது வருசமாச் சிட்னியில இருக்கிறியள். பிறகேன் குயின்ஸ்லாந்துக்கு நிக்கிறியள்?" என்று ரவியிடம் கேட்டேன்.

"நான் வளந்தது அங்கையெல்லோ" என்றார் ரவி.

அப்பாவும் கலியாணம் கட்டி அம்மாவின் ஊருக்கு வந்தவர்தான். அந்த ஊர் வாசிகசாலைக்கு அவரே செயலாளர். ஆனால் கரப்பந்தாட்டத்தில் அவர் பிறந்த ஊர் எதிரே வந்தால், மைதானக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் நிற்பார். அம்மாவும் நாங்கள் இருவரும் இந்தப் பக்கம். செம்மண் புழுதி மூக்கில் ஏறும். பந்து கோட்டில் விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று இரண்டு பக்கமும் கத்தும். எங்களுக்கு எதிரான குரல்களில் அப்பாவுடையதுதான் பெரியது.

அவர் ஊர் வென்ற நாள்களில் வீட்டுக்கு மெதுவாக வருவார். அம்மா சீனி போடாத தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைப்பார். "நல்ல தேத்தண்ணி" என்று சொல்லி, கடைசிச் சொட்டுவரை குடிப்பார் அப்பா.

குயின்ஸ்லாந்து வென்றது. ரவி சத்தமில்லாமல் சிரித்தார். நான் தேத்தண்ணி போட எழும்பினேன்.

"இவருக்கு மட்டும் சீனி போடாதை அக்கா" என்றாள் சுமதி.