மோட்டாருக்கு ஒரு வணக்கம்

சி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதியே சோறு தின்கிற ஒருவன், அதில் வரும் ‘ஏ-டு-ஐ’ என்கிற ஃபங்ஷனை நம்பலாமா? நான் நம்பினேன். அதுவும் மாமனார் தோட்டத்து மோட்டாரில். இதற்கு மேலும் ஒரு மாப்பிள்ளை முட்டாளாக வேண்டுமென்றால் தனியாக டியூஷன்தான் போக வேண்டும்.

சரவணம்பட்டியில் நான் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி, கிணற்று மோட்டாரில் மாட்டுகிற ஒரு பெட்டியைச் செய்கிறது. உள்ளே சிம் கார்டு. எங்கிருந்தாவது ‘30’ என்று மெசேஜ் அனுப்பினால் மோட்டார் முப்பது நிமிடம் ஓடி, தானே நின்றுவிடும். ஆனால் மெசேஜில் வருவது எண் இல்லை; எழுத்துகளின் வரிசை. அதை எண்ணாக மாற்றித் தருவதுதான் ஏ-டு-ஐயின் உத்தியோகம். ‘30 நிமிசம்’ என்று வந்தால் முப்பதைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும். ஆரம்பமே எழுத்தாக இருந்துவிட்டால், ‘புரியவில்லை’ என்று சொல்லத் துப்பிருக்காது. கூசாமல் பூஜ்யம் என்று சொல்லும். நிஜமாகவே பூஜ்யம் அனுப்பினாலும் அதே பூஜ்யம்தான். ஒன்றும் விளங்காமல் மீட்டிங் முழுக்கத் தலையாட்டிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போகும் ஆசாமிகளின் ஜாதி அது.

அந்தத் தண்டத்துக்கு வாய்த்த எஜமான் நான். பூஜ்யம் வந்தால் ‘நிறுத்தச் சொல்லும்வரை ஓடிக்கொண்டே இரு’ என்று எழுதி வைத்திருந்தேன். எங்கள் ஆபீசில் சோதித்துப் பார்க்கும் பெண் அன்றைக்கே கேட்டாள்.

“ஏனுங்ணா, நம்பருக்குப் பதிலா எழுத்து வந்தா என்னங்ணா பண்ணும்?”

“மோட்டாருக்கு எவனாச்சும் லெட்டர் எழுதுவானா, அம்மணி?”

நானே ‘30’ அனுப்பி, நானே ஓடவிட்டு, நானே கைதட்டிக்கொண்டேன்.

வெள்ளகோவில் பக்கம் மாமனாருக்கு முருங்கைத் தோட்டம். நான் ஏசி ரூமில் உட்கார்ந்து என்ன செய்கிறேன் என்பது கல்யாணமானதிலிருந்து அவருக்குச் சந்தேகம். பெட்டி அவர் கிணற்றில் ஓடிவிட்டால் என்னையும் ஒரு ஆளாக மதிப்பார் என்று கணக்குப் போட்டு, முதல் பெட்டியை அங்கேயே மாட்டினேன். “நிமிசத்தை அனுப்புனாப் போதுங்க மாமா” என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, விருந்தும் தின்றுவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் கரூரில் ஒரு காதுகுத்துக்குப் போனவர், அங்கிருந்தே மெசேஜ் அனுப்பியிருக்கிறார். சாயங்காலம் திரும்பி வந்தால் தோட்டமெல்லாம் சேறு, கிணற்றில் தண்ணீர் இல்லை. வெறுங்காற்றை இழுத்து இழுத்து மோட்டாருக்குள் ‘காயில்’ என்கிற செப்புக்கம்பிச் சுருள் கருகிப்போயிருந்தது.

மறுநாள் காலையில் போய் நின்றேன். ஒரு கோபமான வார்த்தை இல்லை. செல்போனை நீட்டினார். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார்: ‘வணக்கமுங்க. மாப்ளை சொன்னாருங்க. 30 நிமிசம் ஓட்டிப்போடுங்க.’

“மாமா, நம்பரை மட்டும் அனுப்பியிருக்கோணுங்க.”

“அதெப்படீங்க மாப்ளை? எடுத்த எடுப்புல முப்பதுன்னா, அதட்டுற மாதிரி இருக்காதுங்களா?”

“அது மிசினுங்க மாமா!”

“மிசினுக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரியுமுங்களே.”

நாய்க்குட்டியைக்கூட ‘போங்க’ என்று விரட்டும் ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். இந்த மனுசர் மோட்டாருக்கு வணக்கம் வைக்காமல் இருப்பாரா என்று யோசிக்க எனக்கு எந்தக் கம்ப்யூட்டரும் தேவைப்பட்டிருக்காது. ஏ-டு-ஐக்காவது மூளை கிடையாது. எனக்கு இருப்பதாக ஆபீசில் நம்பிச் சம்பளம் போடுகிறார்கள்.

கோயமுத்தூர் திரும்பி ஏ-டு-ஐயைத் தூக்கிக் கடாசினேன். அந்த இடத்தில் ‘ஸ்டர்-டு-எல்’ என்கிற இன்னொரு ஃபங்ஷன் வந்தது; எந்த எழுத்தில் படிப்பை நிறுத்தியது என்று ஒப்புக்கொள்கிற அளவுக்காவது அதற்கு நேர்மை உண்டு. எண்ணே கிடைக்கவில்லை என்றால் ஓரெழுத்து நகர்ந்து மறுபடி படிக்க வைத்தேன். வணக்கம், சௌக்கியமா எல்லாவற்றையும் தாண்டிப் போய் எண்ணைப் பிடிக்கும். கடைசிவரை எண்ணே இல்லாவிட்டால் மோட்டாரைத் தொடாமல், ‘எத்தனை நிமிடமுங்க?’ என்று பதில் அனுப்பும். சோதிக்கும் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இப்ப மோட்டாரே லெட்டர் எழுதுதுங்ணா” என்றாள்.

பெருமை தாங்காமல் மாமனாருக்குப் போன் போட்டேன். புதுக் காயில் கட்டி மோட்டாரைத் திரும்பக் கிணற்றில் இறக்கியாச்சு என்றார். இந்தத் தடவை நீங்கள் எவ்வளவு மரியாதையாக எழுதினாலும் புரிந்துகொள்ளும் என்று மூச்சுவிடாமல் விளக்கிவிட்டுக் கேட்டேன்.

“ஞாயித்துக்கெழமை புதுப் பொட்டியை எடுத்துட்டு வரட்டுங்களா மாமா?”

“நீங்க மட்டும் வாங்க, மாப்ளை.”