கொடி பொறுக்கிய லீவு

ஐந்தாம் வகுப்பு முடிந்த முழுப்பரீட்சை லீவில் நான் செய்த ஒரே வேலை, அண்ணனுக்குக் கொடி பொறுக்கிக் கொடுத்ததுதான். கப்பலூரில் அப்பா வேலை பார்த்த கம்பெனியில் கழித்துவிட்ட ஒரு கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்திருந்தது. அதில் அண்ணன் ஏற்றிய வீடியோ கேமில் ஒரு தேசமே இருந்தது. எந்தத் திசையிலும் போகலாம், எந்த மலையிலும் ஏறலாம் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டான். அதன் மூலைமுடுக்கில் சிவப்புக் கொடிகளை ஒளித்துவைத்திருந்தார்கள். அத்தனையும் எடுத்தால்தான் கடைசிக் கோட்டை திறக்கும். சண்டை அவனுக்கு, கொடி எனக்கு. காலேஜ் திறப்பதற்குள் முடித்துக் காட்டுவதாகக் கூட்டாளிகளிடம் சவால் வேறு விட்டிருந்தான்.

ஆரம்பத்தில் கதாநாயகன் கப்பலில் வந்து இறங்குவானாம். அதை நான் பார்த்ததே இல்லை. அண்ணன் வாடிப்பட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று, ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கினேன். கப்பல் வந்தது, நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த கேம் பழைய ஆட்டத்தை அழித்துவிட்டுப் புதியதைத் தானாகவே சேமித்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. அவனுடைய ஒரு மாத உழைப்பு போய்விட்டது.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் கம்ப்யூட்டர் பக்கம் போகும்போதெல்லாம் அம்மா கூப்பிடுவதாகப் பொய் சொன்னேன். மூன்றாம் நாள் பொய் தீர்ந்துவிட்டது.

"அண்ணே, ஆட்டம் அம்புட்டும் அழிஞ்சுபோச்சு. நான்தான் அழிச்சேன்."

அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அடி விழப்போகிறதென்று கண்ணை மூடிக்கொண்டேன். நீளமாக ஒரு மூச்சு விட்டான்.

"விடு பாப்பா. இன்னும் எம்புட்டுக் கொடிதான் பொறுக்குறது. நான் கிரவுண்டுக்குப் போறேன், அம்மாட்ட சொல்லிரு."

பேட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

போன மாதம் அதே கேமைத் தள்ளுபடியில் வாங்கினேன். கப்பல் இப்போதும் நன்றாகத்தான் வருகிறது. அப்புறம் நடக்கிறோம், நடந்துகொண்டே இருக்கிறோம். ஊருக்கு ஊர் அதே வீடு. கதவுகளெல்லாம் சுவரில் வரைந்தவை. யாரிடம் பேசினாலும் அதே இரண்டு வசனம். இவ்வளவு பெரிய தேசத்தைக் கட்டியவர்களுக்கு, அதில் நமக்கு என்ன வேலை கொடுப்பதென்று தெரியாமல் கொடியை நட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. அன்று அதன் பெரிசைப் பார்த்தே வாய்பிளந்தோம். அந்தப் பெரிசு பழகிப்போன பிறகு கொடி மட்டும்தான் கண்ணில் படுகிறது. மூன்றாவது ஊரில் நானே அழித்தேன். அண்ணன் விட்ட அதே மூச்சு எனக்கும் வந்தது, அப்படி ஒரு நிம்மதி.

அன்று இதெல்லாம் எனக்கு எங்கே தெரிந்தது? என்மேல் உள்ள பாசத்தில் துக்கத்தை மறைக்கிறான் என்று நம்பி, பள்ளிக்கூடம் திறக்கும்வரை என் பங்கு ஆம்லெட்டைத் தினமும் அவன் தட்டில் வைத்தேன். அவனும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு தின்றான்.