ஜப்பான் கம்பு எப்படி?

அவருக்கு நண்பர்கள் வைத்த பெயர் 'வளைவு'. யார் புதிதாகத் தூண்டில் கம்பு வாங்கி வந்து காட்டினாலும், நிறத்தையோ விலையையோ கேட்க மாட்டார். "வளைவு எங்க விழுது?" என்பார். நுனியில் விழுகிறதா, நடுவில் விழுகிறதா, அடிவரை இறங்குகிறதா என்பதிலேயே கம்பின் ஜாதகம் இருப்பதாக அவர் எண்ணம்.

தொழில் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க அடுக்குமாடிக் கட்டிடங்களின் இருட்டுப் பொந்துகளில் கிரீஸ் கையோடு கிடப்பார். விடுமுறை வந்தால் ஏரி. பொடி மீன்களை அவர் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. மரத்தில் செய்து வண்ணம் பூசி, வயிற்றில் கொக்கி மாட்டிய பெரிய பொய்மீன்கள் ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தார். ஒவ்வொன்றும் கை நிறையக் கனக்கும். அதைத் தூர வீசி, நீந்துவது போல இழுத்து, துரத்தி வரும் ராட்சச மீனைப் பிடிக்க வேண்டும். ராட்சசன் வருவது அபூர்வம். வெறுங்கையோடு வீடு திரும்பி, சாப்பிட உட்கார்ந்து, அன்று வீசிய கம்பைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே "ம்" கொட்டுவாள். பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை. காதில் மிஷின் சத்தம் ஓய்வதற்குள் கம்புக் கதை தொடங்கிவிடும். அந்தப் பேச்சில் பாதிகூட அவள் மண்டையில் ஏறியதில்லை.

ஒரு காலை பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எழவில்லை. பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது பேச்சு கொஞ்சம் குழறலோடு திரும்பியிருந்தது. கால், இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்கு வந்தது. வலது கை மட்டும் வரவே இல்லை. பயிற்சி கொடுக்க வந்த பெண், "இதுக்கு மேல ஒண்ணும் எதிர்பார்க்காதீங்கம்மா" என்று வாசலில் நின்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனாள். உள்ளே அவர் காதில் அது விழாமல் இல்லை.

அதற்குப் பிறகு அவர் நாற்காலியும் சுவருமாக ஆனார். பார்க்க வந்தவர்கள் குறைந்தார்கள். விடாமல் வந்தவர் தூண்டில் கடைக்காரர் ஒருவர்தான். வயதில் இளையவர், அவரை அண்ணே என்றும் இவளை அண்ணி என்றும் கூப்பிடுவார். கடைக்கு எந்தக் கம்பு புதிதாக வந்தாலும் முதலில் அண்ணன் கைக்குத்தான் வரும். அண்ணன் உதட்டைப் பிதுக்கினால் அந்தச் சரக்கு கடையில் தூங்கும்.

ஒருநாள் கடைக்காரர் நீளமான அட்டைக் குழாயோடு வந்தார்.

"ஜப்பான் கம்புண்ணே. பெரிய பொய்மீனு வீசறதுக்குன்னே செஞ்சது. ஆனா நம்ம ஆளுங்க வாங்கற விலை. நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

அவர் முகம் திரும்பியது. அவள் அதைப் பார்த்தாள். பல மாதங்களாக எதற்குமே திரும்பாத முகம்.

"ஜப்பான்காரன் விலையைக் குறைச்சான்னா எங்கயோ கை வச்சிருப்பான்" என்றார் குழறலாக. பிறகு மனைவியிடம், "கொஞ்சம் பஞ்சு எடுத்துட்டு வா."

நூல் ஓடும் வளையங்களில் பஞ்சை விட்டு உருவச் சொன்னார். கீறல் இருந்தால் பஞ்சு மாட்டும். எதிலும் மாட்டவில்லை. பிடியை இடது கையால் தடவினார். விலை உயர்ந்த கம்புகளில் இருக்கும் தக்கை இல்லை, நுரை ரப்பர். "இங்கதான் மிச்சம் பிடிச்சிருக்கான். பரவால்ல, இதுல மிச்சம் பிடிக்கலாம்." நுனியை அவளைப் பிடிக்கச் சொல்லி அழுத்தினார். கம்பு வளைந்து, விட்டதும் சட்டென்று நிமிர்ந்து நின்றது. நுனி நடுங்கவில்லை. அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"எறிஞ்சு பார்க்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

சொன்ன பிறகுதான் மூவருக்கும் அது உறைத்தது. கடைக்காரர் தரையைப் பார்த்தார்.

"நான் எறியறேன்" என்றாள் அவள். "நீங்க பக்கத்துல உட்கார்ந்து சொல்லுங்க."

கடைக்காரர் தன் வேனில் அவர்களை ஏரிக்கரையில் இறக்கி, மடக்கு நாற்காலியை விரித்துக் கொடுத்து, சாயங்காலம் வருவதாகச் சொல்லிப் போனார். சிமென்ட் கரை, தண்ணீர் அசையாமல் கிடந்தது. அவர் சொல்லச் சொல்ல, நூல் சுற்றிய ரீலைக் கம்பில் மாட்டி, அவர் பெட்டியிலிருந்து ஒரு பொய்மீனை எடுத்துக் கட்டினாள்.

முதல் வீச்சில் ரீலுக்குள் நூல் தலைமயிர் போலச் சிக்கிக்கொண்டது. "கட்டை விரலு! விரலை வச்சு நூலை அமுக்கு!" என்று கத்தினார். சிக்கெடுக்கவே வெகுநேரம் ஆயிற்று. அடுத்த வீச்சு பின்னால் போய்ப் புதரில் மாட்டியது. அதற்கடுத்தது கரையிலேயே விழுந்தது.

"வெடுக்குன்னு இழுக்காத. கனமான மீனு அது. பின்னாடி கொண்டு போய், கம்பு அதைத் தாங்கற வரைக்கும் பொறு. அப்புறம் விடு."

"எது வரைக்கும்ங்க?"

"உனக்கே தெரியும்."

தெரியவில்லை. தோள் விட்டுப்போனது. திட்டு வாங்கி வாங்கிக் கண்ணில் நீர் முட்டியது. பிறகு ஒருமுறை, களைப்பில் அவசரப்படத் தெம்பில்லாமல் கம்பை மெல்லப் பின்னால் கொண்டுபோனாள். கனம் கம்புக்குள் இறங்குவது கைக்குத் தெரிந்தது. ஒரு நொடி எல்லாம் நின்றது. அவள் விட்டாள். பொய்மீன் அவள் நினைத்தே பார்க்காத தூரத்தில் போய் விழுந்தது. இழுத்தபோது அதன் வால் அடிப்பது ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வந்து தட்டியது. இத்தனை வருஷமாகச் சாப்பாட்டின் முன்னால் இவர் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தானா!

"எப்படி இருக்கு? வளைவு எங்க விழுது?" அவர் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டிருந்தார்.

"விழுதுங்க. நல்லா விழுது."

"எங்க? நுனியிலயா, நடுவுலயா?"

அவள் யோசித்தாள். "துணியைக் கிராஸா வெட்டி இழுத்தா, கொஞ்சம் நீண்டு கொடுத்து அப்புறம் பிடிக்கும் பாருங்க. அந்த மாதிரி."

அவர் அவளையே பார்த்தார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"ம்" என்றார்.

மறுபடி வீசினாள். மறுபடி கேட்டார். மிஷின், ஊசி, மடிப்பு என்று அவளுக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் அந்த "ம்" வந்தது. பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டு, இடது கையை நீட்டினார்.

"கொடு."

"வேணாங்க."

"கொடுன்னா கொடு."

நுரை ரப்பர்ப் பிடியை இடது அக்குளில் இடுக்கி நின்றார். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். உடம்பை முறுக்கி வீசினார். இடது கை கம்பைத் தாங்கவே சரியாக இருந்தது; நூலை அமுக்க விரல் மிச்சமில்லை. பொய்மீன் காலடியிலேயே தொப்பென்று விழுந்தது. கம்பு கையை விட்டுப் பறந்து தண்ணீரில் போய் விழுந்தது. அவள் செருப்போடு இறங்கினாள். சேறு முழங்காலைப் பிடித்தது.

"விடு. போகட்டும்" என்றார் பின்னாலிருந்து.

அவள் விடவில்லை. இடுப்பளவு நனைந்து எடுத்துக்கொண்டு வந்தாள். அதற்குள் அவர் நாற்காலியை ஏரிக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

வேனில் கடைக்காரர் உற்சாகமாகக் கேட்டார். "என்னண்ணே, ஜப்பான் கம்பு எப்படி?"

"தெரியல."

அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அவர்கள் இருவரும் கேட்டதில்லை. கடைக்காரர் தடுமாறிப்போனார். "அதனால என்னண்ணே, வந்த சரக்கு பூரா வித்துடுச்சு. எல்லாரும் நல்லா இருக்குன்னுதான்..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அண்ணன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தன் வாக்குக்காக ஒரு கம்பும் காத்திருக்கவில்லை என்பதும், நோயாளிக்குப் பொழுதுபோகட்டும் என்று ஒருவர் இரக்கப்பட்டுக் கொண்டுவந்ததே அது என்பதும் அவருக்குப் புரிந்துவிட்டது. அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவளுக்குப் புரிந்தது.

கடைக்காரர் கம்பை வீட்டிலேயே வைத்துப் போனார். அடுத்த முறை அவர் வந்தபோது, தான் தூங்குவதாகச் சொல்லச் சொல்லிவிட்டார் கணவர். அதற்கடுத்த முறையும் அதே. அப்புறம் கடைக்காரர் வரவில்லை. குற்றம் சொல்ல முடியாது. அவருக்கும் பிள்ளைகுட்டி, வியாபாரம். கம்பு அலமாரிக்குப் பின்னால் நின்றது. ஒட்டடை அடிக்கும்போது அவள் அதை எடுத்துத் துடைத்து அங்கேயே வைப்பாள்.

ஒருநாள் கம்பெனியிலிருந்து வந்து அவருக்குச் சட்டை மாற்றிவிட்டபோது கேட்டாள். "ஏங்க, இன்னொரு தடவை போய்ப் பார்க்கலாமா? அந்தக் கம்பு நல்லாத்தாங்க இருந்துச்சு."

"நல்லா இருந்தா என்ன இப்போ?"

வலது கையைத் தூக்கிச் சட்டைக்குள் நுழைத்து, பொத்தான்களைப் போட்டாள்.

"டிவி போடவா?"

"போடு."

போட்டாள். எதையோ யாரோ விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர் பார்த்தார்.